விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு

“சோத்துக்கே சிங்கி அடிக்கிற சனங்களுக்கு லினக்ஸ் எதுக்குங்க தோழர்?”

இந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டுவிட்டோம். ஒரு பக்கம் நம் இயக்கத் தோழர்கள். வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று தலைக்குமேல் வேலை கிடக்கும்போது கணினியில் எந்த இயங்குதளம் ஓடினால் என்ன என்கிற எரிச்சல் அவர்களுக்கு. அது நியாயமான எரிச்சல். இன்னொரு பக்கம் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள். அவர்களிடம் எரிச்சல் இல்லை, இரக்கம் இருக்கிறது. “அவங்களுக்கு எம்.எஸ். ஆபிஸ் தெரிஞ்சா போதுங்க” என்பார்கள். முதல் தரப்புக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. இரண்டாம் தரப்பு சொல்லும் ‘அவங்களுக்கு இது போதும்’ என்பதைப் பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் ரேஷன் கடையிலும் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள் நாம். அதற்கும் கொஞ்சம் பதில் உண்டு.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது எங்கள் வேங்கிக்காலில்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் மக்கள் மனுவோடு வந்து இறங்குவார்கள். மனு எழுதுவது, டைப் அடிப்பது, ஸ்கேன் செய்வது, இணையத்தில் ஏற்றுவது என எங்கள் வேலையில் பாதி கணினியில்தான் நடக்கிறது. ஒரு வன்கொடுமை வழக்கு பதிவானால் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 60 நாளை யார் எண்ணுவது? காவல் நிலையம் எண்ணாது. முதல் தகவல் அறிக்கை தேதி, நிவாரணத்தின் முதல் தவணை, மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு கூடிய தேதி என்று நாங்கள்தான் ஓர் அட்டவணை போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த அட்டவணை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் இருக்கிறது. ஆகவே ‘கணினியா, வழக்கா’ என்று கேட்கும் தோழர்களே, இரண்டும் ஒரே மேசையில்தான் நடக்கின்றன.

சரி, அந்த மேசைக்குக் கணினி எங்கிருந்து வந்தது? அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. ஊர்த்தெருவில் அது வீட்டுக்கு இரண்டாவது கணினியாக இருந்திருக்கலாம். சேரியில் அதுதான் முதல் கணினி, பல வீடுகளில் இன்றுவரை ஒரே கணினியும் அதுதான். இந்தத் திட்டத்தை ‘ஓசி’ என்று கேலி பேசியவர்களோடு எங்களுக்கு எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாது.

ஆனால் அந்தக் கணினிக்குள் என்ன நடந்தது என்று பேசியே ஆக வேண்டும். தொடக்கத்தில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாஸ் என்ற பெயரைப் பார்த்து ஏதோ கேம் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பலருக்கு முதல் மாதமே பக்கத்துக் கடைக்காரர் ‘இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு’ என்று அதை அழித்துக் கொடுத்தார்.

மிச்சமிருந்தது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முற்றுப்புள்ளி வைத்தார்கள். விண்டோஸ் 11 போடலாமே என்றால், டிபிஎம் 2.0 சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். பிளஸ் டூவில் அக்கா வாங்கி, தங்கை கல்லூரிக்கு எடுத்துப்போய், இப்போது தம்பி கையில் இருக்கும் மடிக்கணினியில் இது எதுவும் கிடையாது. விசைப்பலகை வேலை செய்கிறது, திரை எரிகிறது, வைஃபை பிடிக்கிறது. ஆனாலும் அது செத்துவிட்டதாக அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அறிவித்தால் வேங்கிக்காலில் அதை பீரோ மேல் தூக்கிப்போட வேண்டும்.

தூக்கிப்போட மனசு வராதவர்கள் என்ன செய்கிறார்கள்? கடைக்குப் போகிறார்கள். முந்நூறோ ஐந்நூறோ கொடுத்தால் ‘ஓஎஸ் போட்டு’ தருவார்கள். அது கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த ஆபிஸ், கிராக் செய்த போட்டோஷாப். ஃப்ளெக்ஸ் கடை முதல் வக்கீல் அலுவலகம் வரை அதுதான் ஓடுகிறது. ‘எல்லாரும் அதைத்தானே பண்றாங்க’ என்பதுதான் பதில். பண்ணுகிறார்கள்தான். ஆனால் மாட்டிக்கொள்ளும்போது எல்லாரும் மாட்டிக்கொள்வதில்லை. ஒரு தலித் அமைப்பின் அலுவலகத்துக்குள் நுழைய யாருக்காவது காரணம் தேவைப்பட்டால், திருட்டு மென்பொருள் ஓடும் கணினி நாமே எடுத்துக் கொடுக்கும் காரணம். காசு கொடுத்து வாங்கலாமே என்றால், விண்டோஸ் உரிமம் ஒன்று சில்லறை விலையில் சுமார் பத்தாயிரம் ரூபாய். 2025-26க்கு நூறுநாள் வேலையின் கூலியாகத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது 336 ரூபாய். எங்கள் அம்மாமார் முப்பது நாள் மண் வெட்டினால் ஒரு விண்டோஸ். ஆபிஸுக்கு வருடா வருடம் தனிக் கட்டணம்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பீமா கோரேகான் வழக்கை நாம் எல்லோரும் அறிவோம். ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, நெட்வயர் என்ற தீநிரல் 2016 ஜூனிலேயே அதற்குள் நுழைக்கப்பட்டது, அவர் திறந்தே பார்க்காத மறைவான ஃபோல்டரில் கடிதங்கள் வைக்கப்பட்டன என்றது. நாக்பூரைச் சேர்ந்த தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினியும் இருபது மாதத்துக்கு மேல் ஊடுருவப்பட்டிருந்தது என்று அடுத்த அறிக்கை சொன்னது. என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை. நீதிமன்றம் தன் வேகத்தில் போகிறது. அதற்குள் ஸ்டேன் சாமி 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தும் போனார்.

லினக்ஸ் போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார். வந்த மின்னஞ்சல் இணைப்பையெல்லாம் திறந்தால் எந்தப் பூட்டும் நிற்காது. ஆனால் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கிராக் விண்டோஸை, பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றுபோன இயங்குதளத்தை வைத்துக்கொண்டு, அதில் சாட்சிகளின் பெயரையும் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தையும் சேமித்து வைக்கிறோமே, அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? பூட்டில்லாத வீட்டில் ஊர்ப் பத்திரத்தையெல்லாம் வாங்கி வைப்பதுபோல அது.

இங்கே சொல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் இலவசமா, சுதந்திரமா என்று குழப்பம். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அன்றிலிருந்து இந்தக் குழப்பத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார். தமிழில் அந்தப் பிரச்சினை இல்லை. அரசு கொடுத்தது ‘விலையில்லா’ மடிக்கணினி. நாம் கேட்பது ‘கட்டற்ற’ மென்பொருள். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதே அதற்குப் பொருள். கொடுப்பதைக் குற்றமாக்கும் உரிமத்துக்கும் கொடுப்பதை உரிமையாக்கும் உரிமத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒரு பென்டிரைவை நாலு வீட்டுக்குக் கடன் கொடுத்துப் பழகிய தெருவுக்குச் சட்டென்று புரியும்.

படித்துப் பார்க்கலாம் என்பதை ஏதோ நிபுணர் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலைக்கு என்.எம்.எம்.எஸ். செயலியில் வருகைப்பதிவு கட்டாயம் ஆனது. காலையிலும் மாலையிலும் படம் ஏற வேண்டும். நெட்வொர்க் இல்லாத ஏரிக்கரையில் படம் ஏறாவிட்டால் கூலி இழுபறி. ஏன் ஏறவில்லை, எங்கே நின்றது என்று கேட்டால் ‘சிஸ்டம் எடுக்கல’ என்பார்கள். முன்பு மஸ்டர் ரோல் நோட்டில் மோசடி நடந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் நோட்டைக் கேட்டு வாங்கினோம். இப்போது அந்த நோட்டு இருக்குமிடம் ஒரு நிரல். ஆரோக்ய சேது செயலியின் நிரலை வெளியிட வேண்டும் என்று பலரும் நெருக்கியபோது 2020 மே மாதம் அதன் ஆண்ட்ராய்டு நிரலை வெளியிட்டார்கள். ஆகவே வெளியிட முடியாது என்பதில்லை. பொதுப்பணத்தில் எழுதிய நிரல், அதுவும் ஏழையின் கூலியைத் தீர்மானிக்கும் நிரல், ஏன் பூட்டி இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2006இல் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக வந்த சி. உமாசங்கர் அந்த நிறுவனத்தின் மேசைக் கணினிகளையும் சர்வர்களையும் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுக்கும் பள்ளிகளுக்கும் எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் லினக்ஸ் போனது. அதற்கு முன் திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது வருவாய்த் துறைப் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுவந்ததற்காகப் பேசப்பட்டவர். இந்த மாநிலத்தின் அரசு அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருளை நுழைத்தவர் பட்டியல் சாதியிலிருந்து வந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி என்பதைத் தமிழ்க் கணிமை வரலாறு பேசுகிறவர்கள் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? 2010 ஜூலையில், சாதிச் சான்றிதழ் தவறானது என்ற புகாரில் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. சில வாரங்களில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸுக்காகப் பழிவாங்கப்பட்டார் என்று நாங்கள் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. அவருடைய பிற்கால நிலைப்பாடுகளோடு எங்களுக்கு முரண்பாடும் உண்டு. ஆனால் எத்தனை சர்வரை மாற்றினாலும் கடைசியில் விசாரிக்கப்படுவது சான்றிதழ்தான் என்பதை இந்த நாடு அவருக்கும் காட்டியது.

பாடப்புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். முன்பு பிளஸ் டூவில் ஸ்டார் ஆபிஸ் இருந்தது. 2018இல் வந்த புதிய பாடத்தில் ஓபன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் இருக்கின்றன, இயங்குதளப் பாடத்தில் உபுண்டுவும் இருக்கிறது. பிளஸ் டூவில் பைத்தான். அதாவது அரசு தன் புத்தகத்தில் கட்டற்ற மென்பொருளைத்தான் கற்பிக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை பாஸாகி ஒரு தனியார் கல்லூரிக்குப் போனால், ஓடிடி கோப்பில் கொண்டுவந்த பிராஜெக்ட்டைத் திறக்கக்கூட மாட்டோம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் மாணவி ஒருவருக்கு நடந்தது இது. கல்லூரியின் பெயர் வேண்டாம், அந்த ஒரு கல்லூரியில் மட்டும் நடப்பதும் இல்லை. அன்று இரவே அதை டாக்எக்ஸாக மாற்றிக் கொடுத்தோம். லிப்ரே ஆபிஸில் அது இரண்டு சொடுக்கு.

அந்த லிப்ரே ஆபிஸ் பிறந்த கதையும் நமக்குப் பாடம். ஓபன் ஆபிஸை வளர்த்த சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் விழுங்கியது. புது முதலாளியை நம்பாத நிரலாளர்கள் நிரலின் பிரதியை எடுத்துக்கொண்டு வெளியேறி லிப்ரே ஆபிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆரக்கிளால் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் உரிமம் அதை அனுமதித்தது. பண்ணையார் மாறினால் நாமும் சேர்ந்து கைமாற வேண்டும் என்கிற நிலை அங்கே இல்லை.

மலையாளிகளைப் பாருங்கள். அரசுப் பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2 லட்சம் பள்ளிக் கணினிகளில் தங்கள் இயங்குதளத்தைப் போட்டதால் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அங்குள்ள கைட் நிறுவனம் கணக்கு சொன்னது. ஆசிரியர்களுக்குத்தான் முதலில் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே நாம் மடிக்கணினியைக் கொடுத்தோம், வாத்தியாருக்குச் சொல்லித்தரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் முன்னோர்கள் கருவியின் அருமை தெரிந்தவர்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ கொண்டுவந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் ‘கேசரி’. அடுத்தவன் அச்சகத்தை நம்பியிருந்தால் நமக்கு வாயே இருந்திருக்காது. இன்று நம் அச்சகம் எது? ஏப்ரல் 14 சுவரொட்டியை வடிவமைக்கிற கணினிதான். அதை இங்க்ஸ்கேப்பிலும் கிம்ப்பிலும் தயாரிக்க முடியும், நாங்கள் தயாரிக்கிறோம்.

தமிழ் எழுத்துருவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பதினைந்து இருபது வருடத்துக்கு முந்தைய நம் மனுக்கள், உண்மையறியும் குழு அறிக்கைகள் எல்லாம் வானவில்லிலும் வேறு ஏதேதோ எழுத்துருவிலும் அடிக்கப்பட்டவை. இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறது. எழுத்துரு கிடைத்தால்தான் வரலாறு கிடைக்கும். அரசு 2010லேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது. இனியாவது ஒருங்குறியில் அடியுங்கள், திறந்த வடிவத்தில் சேமியுங்கள். பழையவற்றை மாற்ற எங்களிடம் ஆள் இருக்கிறது, கொடுங்கள்.

இப்போது கட்டற்ற மென்பொருள் நண்பர்களோடு ஒரு சண்டை. ‘எங்க சமூகத்துல சாதியே கிடையாது தோழர், நிரல் நல்லா எழுதுனா போதும்’ என்கிறீர்கள். நீங்கள் நல்லவர்கள், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மஹாத் சவுதார் குளமும் சட்டப்படி திறந்துதான் இருந்தது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம், 1924இல் நகராட்சியின் முடிவு, எல்லாம் ஆன பிறகும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்த்தான் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டம் தென்முடியனூரில் மாரியம்மன் கோயிலுக்குள் போக 80 வருடம் ஆனது, 2023 ஜனவரி 30 அன்று போலீஸ் பாதுகாப்போடு. ‘யாரும் வரலாம்’ என்று பலகை மாட்டிவிட்டு, வந்தவன் கேள்வி கேட்டால் ‘முதலில் ஆங்கிலக் கையேட்டைப் படித்துவிட்டு வா’ என்றால் அதுவும் ஒரு வகைத் தெருச்சுவர்தான். தொழில்நுட்பத்துக்குச் சாதி இல்லை என்றால் 2022இல் தேன்மொழி சௌந்தரராஜனின் சாதி பற்றிய பேச்சை கூகுள் ஏன் ரத்து செய்தது? ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு 2020இல் கிட்ஹப் ‘மாஸ்டர்’ என்ற கிளைப் பெயரை ‘மெயின்’ என்று மாற்றியது. ஒரு சொல்லுக்கே அவர்கள் அவ்வளவு யோசித்தார்கள். உங்கள் மாதக் கூட்டத்தில் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்றாவது ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரு சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்ற பெயரிலேயே தன்னார்வலர்கள் பழைய கணினிகளில் குனு/லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே கிம்ப்பில் படம் வரைந்த பிள்ளைகளின் ஓவியங்கள் வெளியே பேசப்பட்டன. பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு பல வருடமாகக் கிராமத்து மாணவர்களோடு தமிழிலேயே வேலை செய்கிறது. 2012இலிருந்து வரும் ‘கணியம்’ மின்னிதழால் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் தானே படித்துக்கொள்ள முடிகிறது. கிரிவலப் பாதையில் ஆன்மிகம் தேடி வரும் வெள்ளைக்காரர்கள் மடியில் ஆப்பிள் கணினி மின்னுகிறது. எங்கள் பிள்ளைகள் மடியில் 2 ஜிபி நினைவகம் கொண்ட அரசுக் கணினி. இரண்டிலும் ஒரே பைத்தான்தான் ஓடும் என்று முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுவோம்.

சிக்கல்கள் இருக்கின்றன, மறைக்க வேண்டாம். சில பிரிண்டர்கள் அடம்பிடிக்கும். கடை வைத்திருப்பவருக்கு டேலி வேண்டும், கைரேகைக் கருவி சிலவற்றுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டுமே வரும். வேலைக்கான தேர்வில் எக்செல் கேட்டால் எக்செலையும் பழக வேண்டியதுதான், வறட்டுப் பிடிவாதத்துக்குப் பிள்ளையின் வேலையைப் பணயம் வைக்க மாட்டோம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். அவற்றில் எது இருந்தாலும் அதோடு லினக்ஸும் இருக்க வேண்டும், அதைச் சொல்லித்தர ஆளும் இருக்க வேண்டும் என்பது நம் மனுக்களில் ஒரு வரியாக ஏற வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குக் கணினி அறை கேட்கும்போதும் அப்படியே.

வேங்கிக்காலில் ஞாயிறு மாலைகளில் பழைய அரசு மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு போட்டுத் தருகிறோம், காசு கிடையாது. ஹார்டு டிஸ்க் போயிருந்தால் எஸ்எஸ்டி மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள். உள்ளே இருக்கும் படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரை மறக்காதீர்கள், போன மாதம் வந்த ஒன்பது பேரில் நாலு பேர் சார்ஜர் இல்லாமல் வந்தார்கள்.